சாமித்தட்டில இருந்த பட்டாளத்துத் தகடு

இண்டைக்கு வெள்ளிக்கிழமை. அம்மா கீழ சிங்க்கில நிண்டு புளி போட்டு விளக்குத் தேய்க்கிறா. புளியும் பித்தளையும் கலந்த அந்த மணம் படியேறி என்ர அறைக்குள்ள வந்திட்டுது. கதவைச் சாத்தினன், ஜன்னலைத் திறந்தன், போகேல்லை. சரி, அப்ப உனக்கே எழுதுவம் எண்டு இருந்திட்டன்.

முதல்லயே சொல்லிப்போடுறன். கிளைவை விழுத்திட்டன். மண்டபம் நிறைஞ்ச சனத்துக்கு முன்னால, வடிவா, மெதுவா, அவன்ர கழுத்து சிவக்கிறதைப் பாத்துப் பாத்து விழுத்தினன். நீ இருந்திருந்தா விட்டிருக்க மாட்டாய். "விடடி, அவனோட மினக்கெடாத" எண்டிருப்பாய். நீ செத்துப் பத்து மாசம். தடுக்க ஆள் இல்லை, செய்தன்.

நீ கம்பஸில கெமிஸ்ட்ரியை ரெண்டாம் வருசத்தில விட்டாய். நான் கம்பியூட்டிங்கை முதலாம் வருசத்திலயே விட்டனான், அந்த விசயத்தில நான்தான் உனக்குச் சீனியர். ரெண்டு பேரும் ஒரே பார்சல் டெப்போவில காலமை ஷிப்ட். அப்பதான் நீ ஆரோ பாவிச்சுக் களைச்ச, மண்ணுக்குள்ள இரும்பு தேடுற டிடெக்டர் ஒண்டை வாங்கிக்கொண்டு, மிச்சம் எண்ட ஊரில இருக்கிற எங்கட வீட்டு வாசல்ல வந்து நிண்டாய். அம்மா அதைப் பாத்திட்டு ரெண்டடி பின்னால போனவ.

"உதால மிதிவெடியெல்லோ தேடுறவை?"

"இல்லை அன்ரி, நான் பழைய ஆமிக்காரற்ற சாமான் தேடப்போறன். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின ஆமி."

"ஆமி எண்டா எல்லாம் ஆமிதான்" எண்டிட்டு அம்மா தேத்தண்ணி போடப் போயிட்டா.

பேந்து மோர்டன் சேர்ச் மண்டபத்தில கூடுற அந்தக் கிளப், டிடெக்டரால பழைய சாமான் தேடுறவையின்ர கிளப். மாசத்தில ஒரு சனி. முழுக்க வயசுபோன வெள்ளைக்காரர், பைவச்ச காற்சட்டை, பிளாஸ்க். நாங்கள் ரெண்டு பேரும் போனா கதவடியில கதை நிண்டுபோகும். வருசத்தில ரெண்டுதரம் கோச் பஸ் பிடிச்சு வடக்க போவம். ரோமர் தங்கட ராச்சியத்தின்ர எல்லையில கட்டின கோட்டை ஒண்டு அங்க இருக்கு. கோட்டைக்குள்ள தோண்டக் கூடாது, அது சட்டம். ஆனா பக்கத்துப் பண்ணைக்காரன் தன்ர வயலுக்குள்ள விடுவான். பட்டாளம் குதிரையைக் கட்டி, சமைச்சு, சண்டை பிடிச்சு, சாமானைத் துலைச்ச வயல் அது.

மண்ணுக்குள்ளால வாற இரும்பு, வெண்கலம், ஈயம் எல்லாம் எனக்கு ஒரே ஊத்தைதான். நீ உள்ளங்கையில போட்டு ரெண்டுதரம் எறிஞ்சு பிடிப்பாய். நகத்தால தட்டிக் காதுக்குக் கிட்ட வைப்பாய். "ஈயம். கவண்ல வச்சு எறியிற குண்டு. இதின்ர முனையைப் பார், ஈர மண்ணில விரலால குத்தி, அந்தக் குழிக்குள்ள ஈயத்தை உருக்கி வாத்திருக்கிறாங்கள். சரியான அவசரம்." நான் உன்ர கையைப் பாத்தன், குண்டைப் பாத்தன். ஆரோ ஒருத்தன்ர விரல், அப்பிடியே.

இன்னொரு நாள் துருப்பிடிச்ச சின்ன ஆணியள் கொஞ்சம் வந்தது. நான் எறிவம் எண்டன். நீ ஓடி வந்து என்ர கையைப் பிடிச்சாய்.

"எடி விசரி, எங்க கிடந்தது? எல்லாம் ஒரே இடத்திலயோ?"

"ஓம், ஒரு வரியா."

"ஒரு ஆணி எண்டா ஆணி. ஒரு வரியாப் பத்துக் கிடந்தா அது சப்பாத்து. ஒருத்தன்ர கால் இதில நிண்டிருக்கு."

வயலுக்கு நடுவில குந்தியிருந்து, போன்ல இடத்தைப் பாத்து, இலக்கம் இலக்கமா ஒரு துண்டில எழுதினாய். எப்பவும் அப்பிடித்தான். சாமானை எடுக்கிறதிலும் பாக்க எடுத்த இடத்தை எழுதிறதிலதான் உனக்குக் கவனம். "இடம் தெரியாட்டி இது வெறும் பழைய இரும்பு. இடம் தெரிஞ்சாத்தான் ஒரு ஆள்" எண்டு சொல்லுவாய். எனக்கு அலுப்பு. மழை வந்தா நான் கோச்சுக்கு ஓடிப்போய் அம்மா கட்டித் தந்த மட்டன் ரோல்ஸைச் சாப்பிடுறனான்.

அண்டைக்கும் மழைதான். நான் கோச்சுக்குள்ள. நீ முழுக்க நனைஞ்சு, ஒரு கையைப் பொத்திக்கொண்டு ஏறி வந்தாய். கையை விரிச்சுக் காட்டினாய். அரசிலை மாதிரி ஒரு தகடு, மேல ஒரு கொழுக்கி, முழுக்கப் பச்சைக் களிம்பு. "குதிரையின்ர நெஞ்சுப் பட்டியில தொங்கவிடுறது. குதிரைப் பட்டாளம்" எண்டாய். நான் எந்த இடத்தில எண்டு கேக்கேல்லை. இன்னொரு ரோல்ஸ் வேணுமோ எண்டு கேட்டனான்.

உங்கட வீட்டை இதொண்டும் கொண்டுபோக ஏலாது. "மண் கிண்டவோ உன்னைப் படிக்க விட்டனான்?" எண்டு உன்ர அப்பா கத்துவார். அதால எல்லாம் எங்கட வீட்டிலதான். தகட்டை, மண் இளகட்டும் எண்டு ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில தண்ணி விட்டு எங்கட குசினி ஜன்னலடியில ஊறப்போட்டாய். தேய்க்கக் கூடாது, கழுவக் கூடாது, அந்தப் பச்சைதான் அதின்ர தோல் எண்டு எனக்குச் சொன்னாய். அம்மாக்குச் சொல்லேல்லை. அது எங்கட பிழை.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு வாறம், டப்பா வெறுமை. குசினி முழுக்கப் புளி மணம். நீ சாமித்தட்டைப் பாத்தாய், நானும் பாத்தன். பிள்ளையாருக்குப் பக்கத்தில, காமாட்சி விளக்கோட விளக்கா, உன்ர தகடு தங்கம் மாதிரி மினுங்கிக்கொண்டு நிக்குது. சந்தனம் வச்சு, கீழ பெரிய குங்குமப் பொட்டும் வச்சிருக்கு.

"விளக்கின்ர துண்டெண்டு நினைச்சன், பிள்ளை. என்ன ஊத்தை! கம்பிப் பஞ்சு போட்டும் அரைமணித்தியாலம் எடுத்தது."

"அம்மா, அது ரோமற்ற ஆமிச் சாமான்!"

"ஐயோ! ஆமிக்காரன்ர சாமானுக்கோ நான் பொட்டு வச்சனான்?"

உன்ர முகம் வெளிறிப்போச்சு. அழப்போறாய் எண்டுதான் நினைச்சன். தட்டால தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில சரிச்சுப் பிடிச்சாய். அம்மா பின்பக்கத்தை முன்பக்கம் எண்டு நினைச்சுப் பொட்டு வச்சிருக்கிறா. அந்தப் பக்கத்தில சின்னச் சின்னப் புள்ளியாக் குத்தி ஏதோ கிடந்திருக்கு, களிம்புக்குள்ள தெரியேல்லை. இப்ப ஒவ்வொரு புள்ளிக்குள்ளயும் குங்குமம் இறங்கி, சிவப்புச் சிவப்பா எழுத்து நிக்குது.

"விட்டாலிஸ்" எண்டு வாசிச்சாய். "இது விட்டாலிஸ் எண்டவன்ர சாமான். அன்ரி, நீங்கள் பழுதாக்கேல்லை. இவனைக் கூப்பிட்டுக் குடுத்திருக்கிறியள்."

அம்மா அப்பவும் அழுதா. நீ அவவைச் சிரிக்க வைக்க குங்குமப் பரணியை எடுத்து, ஒரு தேசிக்காயை வெட்டி அந்தப் புளியில ஒரு சொட்டு விட்டு, அது மஞ்சளா மாறுறதைக் காட்டினாய். மஞ்சள்ல செய்த குங்குமம்தான் வேணும் எண்டு அப்டன் பார்க் கடை வரைக்கும் போய் வாங்கிற மனிசி வாயைப் பொத்திக்கொண்டு பாத்தா. "படிச்சதில இது ஒண்டுதான் மிச்சம் அன்ரி" எண்டாய்.

அடுத்த சனி கிளப். சாமான் என்ன எண்டு பாத்துச் சொல்லுற மேசை ஒண்டு இருக்குமே, அதுக்குப் பின்னால கிளைவ். இருவது வருசமா அந்தக் கதிரையில இருக்கிறானாம். தகட்டை ஒரு பார்வை பாத்தான்.

"விக்டோரியாக் காலத்துக் குதிரை வண்டிச் சோடினை. புதுசு. பார், எப்பிடி மினுங்குது."

"என்ர சிநேகிதியின்ர அம்மா கழுவிட்டா, அதாலதான்..." எண்டு நீ தொடங்கினாய்.

"கோயிலுக்கோ?" எண்டு கேட்டான். பக்கத்தில நிண்டவங்கள் சிரிச்சாங்கள். "எழுத்திருக்கு" எண்டாய். "தேய்ச்ச கீறல்" எண்டான். குங்குமத்தைப் பற்றிச் சொல்ல நீ வாயெடுத்தாய், அவன் கையைக் காட்டி நிப்பாட்டிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். பிறகு ஏதோ பெரிய மனசு பண்ணுற மாதிரி, "சரி, வச்சிட்டுப் போ, தெரிஞ்ச ஒருத்தருக்குக் காட்டுறன்" எண்டான். நீ குடுத்தாய். ஜிப் வச்ச பிளாஸ்டிக் பையோட குடுத்தாய். உள்ள உன்ர துண்டும் இருந்தது, இடத்தின்ர இலக்கமெல்லாம் எழுதின துண்டு.

அதுக்குப் பிறகு ரெண்டுதரம் போய்க் கேட்டாய். ரெண்டாந்தரம் "அதுவோ, அது குப்பை வாளியோட போயிட்டுது" எண்டான். திரும்ப ட்ராம்ல வந்தம். இறங்கேக்க, "பாவமடி. அவனுக்கு வாசிக்கத் தெரியாது" எண்டாய்.

மூண்டு கிழமையால ஒரு லொறிக்காரன் இடப்பக்கம் திரும்பேக்க உன்ர சைக்கிளைக் கவனிக்கேல்லை. உன்ர போனும் சில்லுக்குள்ள நசிஞ்சுபோச்சு. உன்ர இலக்கங்கள் எல்லாம் அதுக்குள்ள.

நீ அவனை முட்டாள் எண்டு நினைச்சுக்கொண்டே செத்தாய். கள்ளன் எண்டு உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, ரெண்டு மாசத்துக்கு முந்தி கிளப்பால அந்த ஈமெயில் வருமட்டும். "எல்லைக் கோட்டைக் குதிரைப் படையின் அரிய தகடு: கண்டெடுத்தவர் கிளைவ் பேசுகிறார்." கீழ படம். அரசிலை, கொழுக்கி, விட்டாலிஸ். மெழுகு பூசி, பழசு மாதிரி மங்க வச்சிருக்கிறான். படத்துக்குக் கீழ, எழுத்துக்குள்ள சிவப்பு எனாமல், இதுவரைக்கும் அந்தப் பகுதியில ஒருத்தரும் காணாதது எண்டு போட்டிருக்கு.

போனை அம்மாட்டை நீட்டினன். அவ கண்ணாடியைப் போட்டுப் பாத்தா.

"இது என்ர குங்குமமெல்லே."

நான் அப்பவே மியூசியத்துக்கு ஒரு ஈமெயில் எழுதியிருக்கலாம். அமைதியா முடிஞ்சிருக்கும். எழுதேல்லை. அமைதியா முடியிறது எனக்கு வேண்டாம். அவன்ர மண்டபம் நிறையட்டும், அவன்ர பெண்சாதி முன்வரிசையில இருக்கட்டும், அவன் படம் போட்டு ஒரு மணித்தியாலம் கதைக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அந்தக் கிழமை முழுக்க நல்ல நித்திரை. நீ செத்ததுக்குப் பிறகு முதல்முதல் நித்திரை.

சனி பின்னேரம் அம்மா சீலை உடுத்தி, மேல கோட்டுப் போட்டு, ஹாண்ட்பாக்கோட வந்தா. மியூசியத்தால ஹெலன் எண்டொரு பொம்பிளை வந்திருந்தா. இப்பிடி அம்பிடுற சாமானைப் பதியிறது அவதான். கிளைவ் நல்லாக் கதைச்சான், பொய் சொல்லக்கூடாது. கோட்டைக்குப் பக்கத்து வயல்ல தான் எடுத்தவனாம். முழங்கால்ல நிண்டு, கை நடுங்க எடுத்தவனாம். சிவப்பு எனாமலைப் பற்றி மட்டும் பத்து நிமிசம்.

"கேள்வியள்?" எண்டான். நான் கையைத் தூக்கினன்.

"கேள்வி இல்லை. என்ர அம்மா ஒண்டு சொல்லவேணுமாம்."

அம்மா எழும்பினா. "சேர், தட் ரெட் இஸ் மைன்."

சனம் சிரிச்சது. கிளைவும் சிரிச்சான். "மன்னிக்கவேணும் மேடம்?"

"குங்குமம். ஐ வோஷ் வித் டமரிண்ட். தென் ஐ புட். பிரைடே."

"மேடம், எனாமல் எண்டா கண்ணாடி. நெருப்பில உருக்கி விடுறது. முகத்துக்குப் பூசுறது இல்லை."

அதைத்தான் நான் பாத்துக்கொண்டிருந்தனான். அவன்ர வாயாலயே அது வரவேணும். நான் ஹெலனைப் பாத்துக் கேட்டன்: "கண்ணாடி எண்டா தேசிக்காய்ப் புளி பட்டாலும் சிவப்பாத்தானே இருக்கும்? மஞ்சள்ல செய்த குங்குமம் எண்டா மஞ்சளாப் போகும். ஒரு துளி எடுத்துப் பாப்பமே?"

கிளைவ் ஏலாது எண்டான். அரும்பொருள், தொடக்கூடாது எண்டான். ஹெலன் எழும்பித் தகடு இருந்த மேசையடிக்குப் போய், தன்ர பையால ஒரு ஊசி எடுத்து, ஒரு புள்ளிக்குள்ளால மணலளவு சிவப்பைக் கிள்ளி, தேத்தண்ணிச் சோசர் ஒண்டில வச்சா. அம்மா ஹாண்ட்பாக்கைத் திறந்து முதல்நாள் அம்மன் கோயில்ல குடுத்த தேசிக்காயை எடுத்தா. கேக் வெட்டுற கத்தியால வெட்டினம். ஒரு சொட்டு.

மஞ்சள்.

பின்னால ஆரோ ஒருத்தன் முதல் சிரிச்சான். பிறகு மண்டபம் முழுக்க. இருவது வருசம் அந்த மேசையில இருந்தவன், வெள்ளிக்கிழமைப் பொட்டை ரோமற்ற எனாமல் எண்டு படம் போட்டுக் காட்டினவன், மைக்கைப் பிடிச்சபடி நிண்டான். நான் ஒவ்வொரு முகமாப் பாத்தன். உன்னைப் பாத்துச் சிரிச்ச அதே முகங்கள். எவ்வளவு இனிப்பா இருந்தது தெரியுமோ?

பிறகு அம்மா செய்தது எங்கட திட்டத்தில இல்லை. அவ திரும்பக் கதிரையில இருக்கேல்லை. "த கேர்ள் ஹூ பவுண்ட், ஷீ இஸ் டெட்" எண்டா. "யூ டெல் ஹேர் நேம்."

கிளைவ் என்னைப் பாத்தான், ஹெலனைப் பாத்தான். "அந்த... உயரமான பிள்ளை" எண்டான்.

அவனுக்கு உன்ர பேர் தெரியாது. ஒண்டரை வருசம் மாசாமாசம் அவன்ர மேசைக்கு முன்னால நிண்டனி. நான் எழும்பி உன்ர பேரை முழுசாச் சொன்னன், அப்பாவின்ர பேரோட. ஹெலன் எழுதினா. எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினா.

இதோட முடிஞ்சிருந்தா நல்ல கடிதம். முடியேல்லை.

அம்மா பாத்ரூமுக்குப் போக, நான் கார் பார்க்கில நிண்டன். கிளைவ் தனிய வந்தான். கிட்டத்தில பாத்தா வயசுபோனவன். கோட்டுப் பொக்கற்றுக்குள்ளால ஒரு ஜிப் பையை எடுத்தான். உள்ள உன்ர துண்டு. உன்ர எழுத்து. நடுவில கோடு போட்ட உன்ர ஏழு.

"இதை நான் எறியேல்லை" எண்டான். "லேபிள் மாறிப்போச்சு, வேணுமெண்டு செய்யேல்லை எண்டு கமிட்டிக்கு நீ ஒரு கடிதம் எழுது. நானே பேசாம விலகிறன். இதைத் தாறன். இல்லாட்டி இப்பிடி ஒரு துண்டு இருக்கேல்லை."

எனக்கு விளங்கினது. இதை அவன் சும்மா தந்தா, களவெடுத்தவன் எண்டு தானே ஒத்துக்கொண்ட மாதிரி. நான் எழுதிக் குடுத்தா அது வெறும் மாறாட்டம். கையை நீட்டினா விட்டாலிஸ் நிண்ட இடம் என்ர கையில. நீ எண்டா ஒரு செக்கன் யோசிச்சிருக்க மாட்டாய். கிளைவ் ஆர், கிளப் ஆர், அவனுக்கு என்ன நடந்தா எனக்கென்ன எண்டு வாங்கியிருப்பாய். எனக்கு அது நல்லாத் தெரியும்.

நான் அவன்ர முகத்தைப் பாத்தன். லொறிக்காரன்ர முகத்தை நான் ஒருநாளும் பாக்கேல்லை. கோர்ட்டில ஏதோ சொல்லி முடிச்சிட்டாங்கள். ஒரு பேர், ஒரு வயசு, அவ்வளவுதான். இந்த முகம் மட்டும்தான் எனக்குக் கிடைச்ச முகம்.

"மாட்டன்" எண்டன்.

"உன்ர சிநேகிதிக்காக எண்டு நினை."

"அவளின்ர பேர் என்ன?"

இப்பதான் மண்டபத்தில கேட்டவன். வாயைத் திறந்தான், வரேல்லை. துண்டை மடிச்சு, பொக்கற்றுக்குள்ள வச்சுக்கொண்டு காருக்குப் போயிட்டான். நான் பின்னால ஓடேல்லை. அம்மா வந்து "என்னவாம்?" எண்டு கேட்டா. "மன்னிப்புக் கேட்டவன்" எண்டன்.

கமிட்டி அவனைக் கிளப்பால கலைச்சிட்டுது. அந்த மேசையில இப்ப ஒருத்தரும் இல்லை. ஹெலன் துண்டைப் பற்றி அவனிட்டைக் கேட்டவவாம், அவன் அப்பிடி ஒண்டு இல்லை எண்டானாம். சொன்ன மாதிரியே செய்தான். அந்த வயலுக்கு நான் ரெண்டுதரம் போய் வந்திட்டன். மேட்டில ஏறி நிண்டு, அண்டைக்குக் கோச் நிண்ட இடத்தைப் பாத்து, நீ எந்தப் பக்கத்தால வந்தனி எண்டு யோசிச்சுப் பாத்தன். என்ர ஞாபகத்தில இருக்கிறது கோச் கண்ணாடியில மழைத் தண்ணி ஓடினது மட்டும்தான்.

போன கிழமை மியூசியத்தால பதிவு வந்தது. கண்டெடுத்தவர் எண்ட இடத்தில உன்ர பேர், ஒரு எழுத்தும் பிழையில்லை. உன்ர அப்பா அதை அச்செடுத்து பிரேம் போட்டு, ஹோலில, நீ பட்டம் எடுத்தா மாட்டுறது எண்டு வச்சிருந்த ஆணியில மாட்டியிருக்கிறார். வாற ஆக்களுக்கெல்லாம் காட்டுறார். உன்ர பேருக்குக் கீழ, "கண்டெடுத்த சரியான இடம்: தெரியாது." அந்த வரியை அவர் வாசிக்கிறதில்லை. நான் போற நேரமெல்லாம் அதைத்தான் வாசிக்கிறன்.

அவனுக்கு இது காணாது. இன்னும் வேணும் எண்டுதான் இருக்கு எனக்கு. திரும்ப அந்தக் கார் பார்க்கில அந்தத் துண்டை நீட்டினாலும் மாட்டன் எண்டுதான் சொல்லுவன், அதையும் மறைக்கேல்லை. ஆனா ஒண்டு கேள். உன்ர இடத்தை அவன் களவெடுத்தான், அது உண்மை. திருப்பித் தாறன் எண்டு நீட்டேக்க வேண்டாம் எண்டது நான். கோவிக்கிறதெண்டா கோவி. கிளைவில மட்டும் கோவிச்சிட்டு என்னை விட்டிடாத.